பகல் தூளிக்கும் வலை கட்டுங்கள்

மழைக்காலம் வந்தாலே தாம்பரம், செம்பாக்கம், முடிச்சூர் பக்கம் நாலு பெண்கள் கூடுகிற இடத்தில் ஒரே பேச்சு: "சாக்கடையை அள்ளலை, அதான் டெங்கு வருது." சாக்கடையை அள்ள வேண்டியதுதான். 2021-ல் மாநகராட்சி ஆனதிலிருந்து எங்கள் தெருவுக்கு விடிவு வருமா என்று நானும்தான் காத்திருக்கிறேன். ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. லாரித் தண்ணீர் பிடித்து வைத்த டிரம், மூடி பொருந்தாத சம்ப், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, மொட்டைமாடியில் கவிழ்க்காமல் விட்ட பெயின்ட் டப்பா, இங்கெல்லாம்தான் முட்டையிடுகிறது. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை உள்சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்தே கிடக்கும். மறுபடி தண்ணீர் பட்டால் பொரிந்துவிடும். அதனால்தான் வாரம் ஒருநாள் நார் போட்டு அழுத்தித் தேய்க்கச் சொல்கிறார்கள்.

இது பகலில் கடிக்கிற கொசு வேறு. ராத்திரி பிள்ளைக்கு வலை போடுகிற நாம், பகலில் தூளியில் போட்டு ஆட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறோம். "பட்டப்பகல்ல ஏது கொசு?" என்று மாமியார் கேட்டால் பதில் சொல்ல வாய் வருவதில்லை. சொல்லத்தான் வேண்டும். தூளியைச் சுற்றிப் பழைய வலையைக் கட்ட எவ்வளவு நேரமாகும்? அதை விட்டுவிட்டுத் தூளிக்கு அடியில் கொசுவர்த்தி கொளுத்துகிறார்களே, பச்சைப்பிள்ளை அந்தப் புகையைத் தாங்குமா?

2017-ல் தமிழ்நாட்டில் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்தது. 65 பேர் இறந்ததாக அரசுக் கணக்கு. அந்த வருஷம் எங்கள் தெருவில் ஏழு மாதக் குழந்தைக்கும் வந்தது. நாலாம் நாள் காய்ச்சல் விட்டதும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. பாட்டிக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. "காலைலேர்ந்து துணி நனையலை, பால் குடிக்க மாட்டேங்குது, கை கால் ஜில்லுனு இருக்கு" என்று ஆட்டோ பிடிக்கச் சொல்லிவிட்டார். குழந்தை பிழைத்தது அந்த அம்மாவால்தான் என்பேன். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தானது. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவது அப்போதுதான். ஓயாத வாந்தி, வயிற்று வலி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், பிள்ளை துவண்டு கிடப்பது, இதில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் கொடுத்துவிட வேண்டாம், ரத்தக்கசிவு அதிகமாகும். பாராசிட்டமால்கூட டாக்டர் எடை பார்த்துச் சொன்ன அளவுதான். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. யாரோ சொன்னார்கள் என்று நிலவேம்புக் கஷாயத்தையும் பப்பாளி இலைச் சாற்றையும் கைக்குழந்தைக்குச் சங்கில் புகட்டுவது எனக்குச் சம்மதமில்லை. சானடோரியத்திலேயே தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, அங்கே போய்க் கேட்டால் ஆயிற்று.

கடைசியாக ஒரு வருத்தம். வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்க வருகிற பெண்களை, "நேத்துதான் பார்த்தாங்க" என்று கேட்டிலேயே திருப்பி அனுப்புகிறோம். வெயிலில் நடந்து வந்து நம் பிள்ளைக்காகத்தானே சம்ப் மூடியைத் திறக்கச் சொல்கிறார்கள்? நான் உள்ளே கூப்பிட்டு எல்லாவற்றையும் காட்டி, ஒரு டம்ளர் மோரும் கொடுப்பேன். போன தடவை பக்கத்து மனையில் கட்டடம் கட்டுகிறவர் தண்ணீர் தேக்கி வைத்திருந்த தொட்டியையும் காட்டிவிட்டேன். அதிலும் மருந்து ஊற்றிவிட்டுத்தான் போனார்கள்.

- ஒரு வாசகி, செம்பாக்கம்