கிட்வாய் நகர் கோபுரங்கள்: உத்தி யாருடையது, பொறுப்பு யாருடையது?

நமது நாடாளுமன்ற நிருபர்

புதுதில்லி: எய்ம்ஸ் மருத்துவமனைக்கும் ஐ.என்.ஏ. சந்தைக்கும் அருகே உயர்ந்து நிற்கும் கிழக்கு கிட்வாய் நகர் அடுக்குமாடிகள், பொதுத்துறை நிர்வாகம் குறித்து நாடாளுமன்றம் நெடுங்காலமாகத் தள்ளிப்போட்டு வரும் ஒரு கேள்வியை எழுப்புகின்றன. ஓர் அரசு நிறுவனத்தின் வணிக உத்தியை வகுப்பது யார்? அது பிசகினால் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

மத்திய அரசு ஊழியர்களுக்கான 2,444 பழைய குடியிருப்புகள் 86 ஏக்கரில் இங்கு இருந்தன. அவற்றை அகற்றி 4,600-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டும் பணி, 1960-ல் தொடங்கப்பட்ட என்.பி.சி.சி. நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. கருவூலத்தின் மீது சுமை ஏற்றாமல், உடன் கட்டப்படும் அலுவலக இடங்களைக் குத்தகைக்கு விட்டுச் செலவை ஈடுகட்டுவது என்பது ஏற்பாடு. 2016 ஜூலையில் சரோஜினி நகர், நெளரோஜி நகர் உள்ளிட்ட மேலும் ஏழு குடியிருப்புகளுக்கு ரூ.32,835 கோடியில் இதே வழியை மத்திய அமைச்சரவை ஏற்றது. மனை வணிகம் சரிந்தால் என்ன செய்வது என்பதே இத்தகைய திட்டத்தின் முதல் ஐயமாக இருந்திருக்க வேண்டும். நெளரோஜி நகரில் ஏலம் கைகொடுத்தது. அறுநூறுக்கும் மேற்பட்ட குடியிருப்புகள் இருந்த இடத்தில் எழுந்த உலக வர்த்தக மையம் 2025 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்டது. எனினும், சந்தை கைகொடுத்ததையே நிர்வாகத் திறமை என்று கொள்வதற்கில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. நிலம் வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகத்தின் பொறுப்பில் உள்ளது. பணியை அளித்ததும் அதுவே. என்.பி.சி.சி.யின் பெரும்பங்கு அரசினுடையது. அமைச்சக அதிகாரிகள் அதன் இயக்குநர் குழுவில் அமர்கின்றனர். நிலப் பயன்பாட்டை நிர்ணயிக்கும் தில்லி வளர்ச்சி ஆணையமும் அதே அமைச்சகத்தின் கீழ்தான் இயங்குகிறது. உரிமையாளர், வாடிக்கையாளர், ஒழுங்குபடுத்துபவர் ஆகிய மூவரும் ஒருவரே என்றால், குழுவுக்குள் 'இது வேண்டாம்' என்று சொல்வதற்கு யார் இருப்பார்கள்? 2018-ல் ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டும் முயற்சிக்கு எதிராக தில்லி மக்கள் தெருவில் இறங்கினர். உயர் நீதிமன்றம் தலையிட்டது. வரைபடங்களை மாற்றுவதாக அரசு அறிவித்தது அதன் பிறகே. குழுவின் மேசையில் எழ வேண்டிய ஆட்சேபம் நீதிமன்றத்தில் எழுந்தது.

சுயேச்சை இயக்குநர்கள் இதற்காகத்தான் இருக்கிறார்கள் என்பர். ஆனால் பொதுத்துறையில் அவர்களை நியமிப்பதும் அரசே. போதிய இயக்குநர்கள் இல்லாததற்காக இந்தியன் ஆயில், ஓ.என்.ஜி.சி. போன்ற பெரு நிறுவனங்களுக்குப் பங்குச் சந்தைகள் அபராதம் விதித்ததும், நியமன அதிகாரம் தங்களிடம் இல்லை என்று அவை கைவிரித்ததும் அண்மைக்கால நிகழ்வுகள். அர்ஜுன் சென்குப்தா குழுவின் 1984 அறிக்கையை அடியொற்றி வந்த புரிந்துணர்வு ஒப்பந்த முறையும் ஆண்டுதோறும் மதிப்பெண் இடுவது. பத்தாண்டுத் திட்டத்தின் இடர்களை அதனால் அளக்க இயலாது.

எஞ்சியிருப்பது நாடாளுமன்றம். 1964-ல் அமைந்த பொதுத்துறை நிறுவனங்கள் குழு, நிறுவனங்கள் சீரிய வணிக நெறிப்படி நடக்கின்றனவா என்று ஆராயலாம். ஆனால் அரசின் முக்கியக் கொள்கைகளையும் அன்றாட நிர்வாகத்தையும் மக்களவை விதி 312-ஏ அதன் வரம்புக்கு அப்பால் வைத்திருக்கிறது. கிட்வாய் நகர் போன்ற திட்டத்தை, கேள்வி எழும்போது 'கொள்கை' என்றும், விவரம் கேட்டால் 'அன்றாட நிர்வாகம்' என்றும் சொல்லிவிட வழி உண்டு. இந்த இடைவெளியில் அமைச்சகங்கள் வசதியாகவே குடியிருக்கின்றன.

1974-ல் டெமாசெக் நிறுவனத்தை அமைத்த சிங்கப்பூர், கொள்கை வகுப்பதையும் பங்குகளை நிர்வகிப்பதையும் பிரித்தது. அந்தச் சிறு நாட்டின் முறையை அப்படியே இங்கு பெயர்த்து வைக்க முடியாது. ஆயினும், அமைச்சரவையின் ஒப்புதலுக்குச் செல்லுமுன் இயக்குநர் குழு தனது இடர் மதிப்பீட்டை எழுத்தில் பதிவு செய்து, அதை நாடாளுமன்றக் குழுவின் முன் வைப்பதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. அமைச்சகம் ஓர் உத்தரவு பிறப்பித்தாலே போதும்.