அம்மாவும் கொஞ்சம் உட்காரட்டுமே!

குளிர்காலம் வந்தால் வீடு முழுவதையும் சூடாக்க வேண்டுமா, என்ன? வீட்டில் இருப்பவர்களைச் சூடாக்கினால் போதாதா? ஜப்பானிய இல்லத்தரசிகள் தலைமுறை தலைமுறையாகக் கடைப்பிடித்து வந்த யோசனை இது. அதற்கென்றே அங்கே ஒரு மேஜை உண்டு. பெயர், கொத்தாட்சு.

முழங்கால் உயரமே உள்ள குட்டை மேஜை. நாலு பக்கமும் தரையில் புரளும்படி அதன்மேல் கனத்த பஞ்சுப் போர்வையை விரித்து, போர்வைக்கு மேலே ஒரு பலகையை வைத்துவிடுவார்கள். மேஜையின் அடியில் மின்சாரக் கணப்பு. பாயில் உட்கார்ந்து கால்களைப் போர்வைக்குள் நீட்டினால், இடுப்பு வரை இதமான வெதுவெதுப்பு! சாப்பாடு, பள்ளிப் பாடம், பாட்டியின் தையல், ஆரஞ்சுப் பழம் உரிப்பது எல்லாம் அங்கேதான். வீட்டுப் பூனைக்கும் உள்ளே இடம் உண்டு.

இது நேற்று முளைத்த சௌகரியமல்ல. முரோமாச்சி காலத்திலேயே (1336–1573) தரையில் பதித்த கரியடுப்பின்மேல் மரச்சட்டம் வைத்துப் போர்த்திக்கொண்டார்கள். ஆனால் நெருப்புப் பொறி போர்வையில் பற்றிக்கொள்ளும். கரியின் விஷவாயு உயிருக்கே உலை வைக்கும். 1957-ல் மின்சாரக் கொத்தாட்சு கடைக்கு வந்த பிறகுதான் தாய்மார்களின் அந்தப் பயம் தணிந்தது. அதிலும் ஒரு வேடிக்கை. முதலில் வந்த கணப்பில் சிவப்பு ஒளி இல்லை. "இதுவா சுடப்போகிறது?" என்று ஜனங்கள் சந்தேகப்பட்டார்கள். சிவப்பு விளக்கைப் பொருத்தியதும் வியாபாரமும் சூடு பிடித்தது!

எல்லாம் சரி, ஒரே ஒரு சங்கடம். உள்ளே கால் நீட்டியவருக்கு எழுந்திருக்க மனம் வராது. பழத்தட்டு காலியானால் அப்பா மகனைப் பார்ப்பார்; மகன் தங்கையைப் பார்ப்பான். கடைசியில் சில்லிட்ட சமையலறைக்கு எழுந்து போகிறவள் பெரும்பாலும் அம்மாதான். அங்கேயே தூங்கிப்போனால் நா வறளும், காலில் சூட்டுப்புண் வரும் என்று தட்டி எழுப்புகிறவளும் அவளே.

இப்போது அங்கே அறைக்கு அறை வெப்பம் தரும் இயந்திரங்கள் வந்துவிட்டன. கொத்தாட்சு இல்லாத வீடுகள் பெருகி வருகின்றன. சௌகரியந்தான், ஆனால் அவரவர் அறையில் அவரவர். வீட்டில் ஓரிடத்தில்தான் சூடு என்ற குறையே அல்லவா குடும்பத்தை ஒன்றாக உட்கார வைத்தது!

அந்த மேஜை போகாமல் இருக்கட்டும். அம்மாவை உட்காரச் சொல்லிவிட்டு, ஒரு நாளாவது மற்றவர்கள் எழுந்துபோய்ப் பழம் கொண்டு வரட்டும். என்ன சொல்கிறீர்கள், சகோதரிகளே?