மதுவம் செய்யும் மருந்து

பாண் மாவையும் அப்ப மாவையும் பொங்க வைக்க நாம் சேர்க்கும் ஈஸ்ட்டைப் பாடசாலைப் புத்தகங்கள் மதுவம் என்று சொல்லும். நம் குழந்தைகளுக்கு ஏற்றப்படும் ஈரல் அழற்சி 'பீ' தடுப்பூசியை ஆக்கித் தருவதும் இந்த மதுவந்தான் என்பதைத் தாய்மார் பலர் அறிந்திருக்க மாட்டார்கள்.

ஈரல் அழற்சி 'பீ'யைச் சாதாரண செங்கமாரி என்று எண்ணிவிடக் கூடாது. பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றலாம். அப்படித் தொற்றிய குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேரின் உடலில் வைரசு நிலைத்துவிடுகிறது. பல ஆண்டுகளின் பின் ஈரற் புற்றுநோயாகவும் வெளிப்படலாம்.

1981 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதலாவது தடுப்பூசி, இவ்வைரசைச் சுமந்தவர்களின் குருதியிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டது. நன்கு சுத்திகரித்தார்கள்தான். ஆனால் அது எயிட்ஸ் தலைகாட்டிய காலம். பலர் தயங்கினார்கள், அவர்களைக் குறைகூற முடியாது.

இதற்கான வழி ஏற்கெனவே வேறோர் இடத்தில் திறந்திருந்தது. 1978 இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஜெரால்ட் பிங்க்கும் அவரது சகாக்கள் இருவரும் மதுவக் கலத்தினுள் பரம்பரையலகு ஒன்றை வெளியிலிருந்து புகுத்தியிருந்தனர். தடித்த கலச்சுவரை நொதியத்தால் கரைத்த பின்பே அது உள்ளே போனது. சரி, கோடிக்கணக்கான கலங்களில் எது அதை ஏற்றுக்கொண்டது என்று எப்படி அறிவது? அவர்களுடைய கெட்டித்தனம் இங்கேதான் இருக்கிறது. லூசின் என்ற அமினோ அமிலத்தைத் தானாக ஆக்க இயலாத மதுவத்தைத் தெரிந்தெடுத்து, அதை ஆக்கும் பரம்பரையலகையே கொடுத்தார்கள். பிறகு லூசின் இல்லாத உணவில் விட்டார்கள். பெற்றுக்கொண்டவை வளர்ந்தன, மற்றவை பட்டினி கிடந்தன.

1982 இல் ஈரல் அழற்சி 'பீ' வைரசின் மேலுறைக்குரிய பரம்பரையலகு மட்டும் மதுவத்துக்குக் கொடுக்கப்பட்டது. மதுவம் அந்தப் புரதத்தை ஆக்கியது. புரதங்கள் ஒன்றுசேர்ந்து நுண்ணிய உருண்டைகளாயின. வைரசின் சட்டை இருக்கிறது, உள்ளே வைரசு இல்லை! 1986 இல் இத்தடுப்பூசிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இலங்கைக் குழந்தைகளுக்கு 2003 இல் ஈரல் அழற்சி 'பீ' தடுப்பூசி வந்து சேர்ந்தது.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எதிராக 2006 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற தடுப்பூசியும் மதுவத்தில் இவ்வாறே தயாரானது. இந்நோய்க்கான தடுப்பூசி 2017 இல் நமது பாடசாலை மாணவியருக்கும் அறிமுகமானது.

சுத்திகரித்த பின்னும் மதுவப் புரதம் மிகச் சிறிதளவு எஞ்சலாம். ஆகவே மதுவத்துக்குக் கடும் ஒவ்வாமை உள்ள பிள்ளையென்றால் வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "ஊசியாலேயே அந்த நோய் வந்துவிடாதா?" என்று கேட்கும் அம்மம்மாவுக்கு அந்தச் சட்டைக் கதையைச் சொல்லலாம்.