ஒப்புமை எழுதும் முறை

நமது மாணவர் பரீட்சையில் எழுதும் ஒப்புமைக் கட்டுரைகள் பெரும்பாலானவற்றில் ஒப்புமையே இல்லை. வால்மீகிக்கு ஒரு பத்தி, கம்பனுக்கு ஒரு பத்தி, நடுவே 'ஆனால்' என்று ஒரு சொல்! கடைக்காரனுங்கூட இரு தட்டையும் ஒரே கோலில் தொங்கவிட்டல்லவோ நிறுக்கிறான்?

சீதையை இராவணன் கவரும் இடத்தை எடுத்துக்கொள்வோம். ஆதிகவியில் அவன் தேவியின் கூந்தலைப் பற்றித் தூக்கிச் செல்கிறான். கம்பனிலோ, மேனியைத் தீண்டாது பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுக்கிறான். இவ்விரண்டையும் ஒரே பத்தியில், ஒரே வினாவின்கீழ் நிறுத்த வேண்டும்: கம்பன் ஏன் மாற்றினான்? ஆழ்வார்களுக்குப் பின் வந்த கவிக்குப் பிராட்டி வெறுங் கதைத்தலைவி அல்லள் என்பது எமது அபிப்பிராயம். வேறு விடை கூறுவோர் தாராளமாய்க் கூறலாம். விடை கூறாது நழுவுவதே பிழை.

கம்பனை உயர்த்துவதற்காக வால்மீகியைத் தாழ்த்துவோரும் உளர். அது ஆராய்ச்சியன்று, கட்சிப்பேச்சு. 1921-ல் சிறைப்பட்ட வ. வே. சு. ஐயர், பல்லாரிச் சிறையிலிருந்தவாறே கம்பனை ஆராய்ந்து எழுதினார். ஹோமர், வர்ஜில், மில்டன் ஆகியோரை அந்நியரென்று ஒதுக்காமல், உடன் வைத்தே எடைபோட்டார். கம்பனே மேம்பட்டவன் என்பது அவர் தீர்ப்பு. அதை மறுக்க விரும்பும் மாணவனும் அவர் எடுத்துக்காட்டிய இடங்களிலேயே நின்று மறுக்கலாம்.