ஐந்து ரூபாய்ச் சொடுக்கும் உழைப்பின் விலையும்

மின்னஞ்சலைத் திறந்து படித்தால் காசு. விளம்பரத்தைச் சொடுக்கினால் காசு. கருத்துக் கணிப்புப் படிவத்தை நிரப்பினால் காசு. புதிய செயலியொன்றைத் தரவிறக்கிக்கொண்டால் காசு. வீட்டிலிருந்தபடியே, ஓய்வு நேரத்தில், முதலாளியின் முகம் பாராமல் சம்பாதிக்கலாம் என்ற இந்த அழைப்பு இன்று வேலை தேடும் பட்டதாரியின் கைபேசிக்கும், சமையலை முடித்து அமரும் இல்லத்தரசியின் கைபேசிக்கும், ஓய்வூதியம் போதாத முதியவரின் கைபேசிக்கும் நாள்தோறும் வந்துசேர்கிறது. இதைச் சில்லறை ஆசை என்று ஏளனமாகக் கடந்துவிடுவோர் உண்டு. வெறும் காவல்துறை விவகாரம் என்று ஒதுக்குவோரும் உண்டு. இரண்டும் பிழையான பார்வைகள். இது உழைப்பைப் பற்றிய பிரச்சனை. ஆகவே தொழிலாளர் இயக்கத்தின் பிரச்சனை.

இந்த வணிகம் புதிதன்று. 1999இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஆல்அட்வான்டேஜ் என்னும் நிறுவனம், கணினித் திரையின் ஒரு மூலையில் விளம்பரம் ஓட இடம் கொடுப்போருக்கு மணிக்கு அரை டாலர் தருவதாக அறிவித்தது. ஆளைச் சேர்ப்போருக்குக் கூடுதல் தொகை. உறுப்பினர் பட்டியல் மளமளவென வளர்ந்தது. விளம்பர வருவாய் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. 2001இல் கடை மூடப்பட்டது.

இந்தியாவுக்கு இந்தச் சரக்கு வந்தபோது அதன் குணம் மேலும் கெட்டது. அங்கே உறுப்பினராகச் சேரப் பணம் கேட்கவில்லை. இங்கே முதலில் பணம் கட்டச் சொன்னார்கள். சிங்கப்பூரில் பதிவு செய்யப்பட்ட ஸ்பீக் ஏசியா நிறுவனம் 11,000 ரூபாய் சந்தா பெற்றுக்கொண்டு, வாரந்தோறும் கருத்துக் கணிப்பு நிரப்பினால் வருமானம் என்றது. 2011இல் அது சரிந்தபோது நாடெங்கும் பல இலட்சம் பேர் கைபிசைந்து நின்றார்கள். நொய்டாவில் அப்லேஸ் இன்ஃபோ சொல்யூஷன்ஸ் நடத்திய சோஷியல் டிரேட் திட்டத்தில் 5,750 ரூபாய் முதல் 57,500 ரூபாய் வரை கட்டவேண்டும். பிறகு ஒரு சொடுக்குக்கு 5 ரூபாய். 2017 பிப்ரவரியில் உத்தரப் பிரதேசச் சிறப்புக் காவல் படை அதன் உரிமையாளரைக் கைது செய்தபோது வெளிவந்த தொகை ஏறத்தாழ 3,700 கோடி ரூபாய்.

தமிழகத்தில் கோவையை மையமாகக் கொண்ட மைவி3 ஆட்ஸ் நிறுவனத்தின் கதையை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். செயலியில் விளம்பரம் பார்ப்பதற்குப் பணம் என்ற அத்திட்டத்தின்மீது வழக்குப் பதிவானபோது, 2024 ஜனவரி 29 அன்று நீலாம்பூர் அருகே ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். ஏமாந்துவிட்டோம் என்று முறையிட அவர்கள் திரளவில்லை. நிறுவனத்தைக் காப்பாற்றவே திரண்டார்கள். வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். அந்தக் கூட்டம் நம் முன் வைக்கும் கேள்வி வேறு: தன் பணம் போய்விடுமோ என்று அஞ்சவேண்டிய மக்கள், பணத்தை வாங்கியவருக்கு அரணாக நிற்பது ஏன்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அத்திட்டத்தில் 360 ரூபாய் முதல் 1,21,440 ரூபாய் வரை பல நிலைகள் இருந்ததாகவும், உச்சநிலையில் இருப்பவர் நாளொன்றுக்கு 1,800 ரூபாய் வரை பெறலாம் என்றும் செய்திகள் வெளியாயின. அப்படியானால் கட்டிய பணம் 68 நாட்களில் திரும்பிவிடும். ஆண்டு முடிவில் 6,57,000 ரூபாய் கையில் இருக்கும். ஒரே மனிதர் ஒரு நாளில் சிறிது நேரம் விளம்பரம் பார்ப்பதற்காக எந்த விளம்பரதாரர் 1,800 ரூபாய் தருவார்? அத்தனை பேருக்கும் அத்தனை தொகையை விளம்பர வருவாயிலிருந்து கொடுப்பது எந்தக் கணக்கிலும் அடங்காது. பின்னால் வருவோர் கட்டும் பணமே முன்னால் வந்தோரின் வருமானமாக மாறினால்தான் இத்தகைய திட்டங்கள் ஓடும். முன்னால் வந்தவருக்குப் பணம் உண்மையாகவே கிடைத்திருக்கும். ஆகவே அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய நேர்மையான சாட்சியமே அண்டை வீட்டாரை உள்ளே இழுக்கும் கயிறு. திட்டம் நின்றால் தன் பணமும் போகும், தான் சேர்த்துவிட்ட உறவினர் முகத்தில் விழிக்கவும் முடியாது. நீலாம்பூரில் திரண்ட கூட்டத்தின் அச்சத்தை இந்த இடத்திலிருந்துதான் புரிந்துகொள்ள வேண்டும்.

இத்தகைய திட்டங்களைத் தடுக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. 1978ஆம் ஆண்டின் பரிசுச் சீட்டு மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டமும் இருக்கிறது. ஆனால் பணம் கட்டியவர்கள் தெருவுக்கு வந்த பிறகே சட்டம் விழித்துக்கொள்கிறது.

கேரளத்துக்கு இது அந்நியமான அனுபவமன்று. 1990களின் ‘ஆடு, தேக்கு, மாஞ்சியம்’ முதலீட்டு மோகம் இன்றும் மலையாளிகளின் பேச்சில் கேலிச்சொல்லாக வாழ்கிறது. 2008இல் திருவனந்தபுரத்தையே உலுக்கிய ‘டோட்டல் ஃபார் யூ’ மோசடியில் பணம் போட்டவர்களில் படித்தவர்களுக்கும் வசதியுள்ளவர்களுக்கும் குறைவில்லை. இப்போது அதே வலை டெலிகிராம் குழுக்களின் வழியே விரிகிறது. காணொளிக்கு விருப்பக்குறி இட்டால் 50 ரூபாய் என்று தொடங்குவார்கள். முதல் சில நூறு ரூபாய் சொன்னபடி வங்கிக் கணக்கில் ஏறும். பிறகு ‘உயர்நிலைப் பணி’ என்ற பெயரில் முன்பணம் கேட்பார்கள். அது ஆயிரங்களாகும், இலட்சங்களாகும். திரையில் இலாபம் பெருகிக்கொண்டே இருக்கும். எடுக்கப் போனால் வரி கட்டு, அபராதம் கட்டு என்பார்கள். 2023 டிசம்பரில் ஒன்றிய உள்துறை அமைச்சகம் இத்தகைய 100க்கும் மேற்பட்ட இணையதளங்களை முடக்கியது. அவை வெளிநாட்டிலிருந்து இயக்கப்பட்டவை என்றும், வாடகை வங்கிக் கணக்குகள் வழியாகப் பணம் கடத்தப்பட்டது என்றும் அமைச்சகமே அறிவித்தது. முடக்கியவை போக மற்றவை வேறு பெயரில் முளைக்கின்றன.

எழுத்தறிவிலும் எண்ம அறிவிலும் முன்னணியில் நிற்கும் மாநிலத்தில் இது எப்படி நடக்கிறது? திருவனந்தபுரம் மாவட்டத்தின் புல்லம்பாறை ஊராட்சி 2022இல் முழுமையான எண்ம எழுத்தறிவு பெற்ற ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது. அந்த முன்மாதிரி மாநிலமெங்கும் விரிந்து, 2025 ஆகஸ்ட் 21 அன்று கேரளம் முழுமையான எண்ம எழுத்தறிவு மாநிலம் என்ற அறிவிப்பு இதே தலைநகரில் வெளியானது. இது பெருமைக்குரிய சாதனை. ஆனால் கைபேசியை இயக்கத் தெரிந்த கைகளுக்கு வேலை கொடுப்பது வேறொரு கடமை. 2023-24ஆம் ஆண்டின் தொழிலாளர் ஆய்வின்படி 15 முதல் 29 வயது வரையிலானோரிடையே வேலையின்மை இந்திய அளவில் 10.2 சதவீதம், கேரளத்தில் 29.9 சதவீதம். இளம்பெண்களிடையே அது 47.1 சதவீதம். இந்த எண்ணை இடதுசாரிகளாகிய நாம் மூடி மறைக்க வேண்டியதில்லை. ஒன்றிய அரசின் கொள்கைகள் வேலைவாய்ப்பைக் கொன்றன என்பது உண்மை. கல்வியை எல்லோருக்கும் கொடுத்த மாநிலம் அந்தக் கல்விக்கேற்ற வேலையை உருவாக்குவதில் பின்தங்கியிருக்கிறது என்பதும் உண்மை. ஐந்து ரூபாய்ச் சொடுக்குக்குக் கூட்டம் சேர்வது பேராசையால் அன்று, வேலை இல்லாமையால்.

மோசடி இல்லாத இடத்திலும் சுரண்டல்

முன்பணம் கேட்காத, சொன்னபடி கொடுக்கும் தளங்களும் இருக்கின்றன. அவற்றின் கணக்கையும் பார்க்க வேண்டும். சிறுபணித் தளங்களில் முதன்மையானது 2005இல் அமேசான் தொடங்கிய மெக்கானிக்கல் டர்க். பதினெட்டாம் நூற்றாண்டில் தானே சதுரங்கம் ஆடுவதாகக் காட்டப்பட்ட ஒரு பொறியின் பெயர் அது. உள்ளே மனிதன் ஒளிந்திருந்தான். இன்று தானே சிந்திப்பதாகப் புகழப்படும் செயற்கை நுண்ணறிவின் உள்ளேயும் படங்களுக்குப் பெயரிட்டுக்கொண்டும் எழுத்தைத் திருத்திக்கொண்டும் இலட்சக்கணக்கான மனிதர்கள் ஒளிந்திருக்கிறார்கள்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 75 நாடுகளில் 3,500 பேரிடம் நடத்திய ஆய்வை 2018இல் வெளியிட்டது. கூலி கிடைத்த நேரத்தை மட்டும் கணக்கிட்டால் சராசரி வருமானம் மணிக்கு 4.43 டாலர். வேலையைத் தேடிய நேரம், தகுதித் தேர்வு எழுதிய நேரம் ஆகியவற்றையும் சேர்த்தால் 3.31 டாலர். ஆசிய-பசிபிக் பகுதியில் அது 2.22 டாலர்தான். கூலியுள்ள ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 20 நிமிடம் கூலியில்லாமல் உழைக்க நேர்ந்தது. பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேருக்கு, செய்த வேலை நிராகரிக்கப்பட்ட அல்லது கூலி மறுக்கப்பட்ட அனுபவம் இருந்தது. மின்னஞ்சல் திறப்பதும் விளம்பரம் சொடுக்குவதும் இதனினும் கீழ்ப்படியில் உள்ளவை. அங்கே கூலி பைசாக் கணக்கு.

அந்தப் பைசாவும் உடனே கைக்கு வருவதில்லை. குறிப்பிட்ட தொகை சேர்ந்த பின்பே எடுக்கலாம் என்பது பல தளங்களின் விதி. அத்தொகையை எட்டாமல் சலித்து விலகுவோரின் உழைப்பு நிறுவனத்துக்கு இலவசம். சில தளங்களில் கூலி பணமாக இல்லாமல் புள்ளியாக வருகிறது. அதை அவர்கள் சொல்லும் கடையில் மட்டுமே செலவிடலாம். இது நமக்குத் தெரிந்த பழைய கதை. கூலிக்குப் பதில் சீட்டைக் கொடுத்து, முதலாளியின் கடையிலேயே பொருள் வாங்கவைத்த முறையை ஒழிக்கத் தொழிலாளி வர்க்கம் நெடுங்காலம் போராடியது. பிரிட்டனில் 1831இல் அதற்கெதிராகச் சட்டம் வந்தது. இந்தியாவில் 1936ஆம் ஆண்டின் கூலி வழங்கல் சட்டம், கூலியைச் செலாவணியிலுள்ள பணமாகவே கொடுக்க வேண்டும் என்றும், கூலிக் காலம் ஒரு மாதத்தை மிஞ்சக்கூடாது என்றும் விதித்தது. அன்னிய ஆட்சிக் காலத்திலேயே வென்றெடுத்த அந்த உரிமை இன்று ஒரு செயலியின் நிபந்தனைப் பட்டியலுக்குக் கீழே புதைக்கப்படுகிறது.

சொடுக்குக்குக் கூலி என்பது மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் பாகத்தில் ஆராய்ந்த துண்டு வீதக் கூலியின் இற்றை வடிவமே. அது நேரக் கூலியின் மாற்று உருவம் என்பதை அவர் நிறுவினார். மேற்பார்வைச் செலவைத் தொழிலாளியின் தலையிலேயே ஏற்றிவிடும் இந்த முறை, இப்போது கணினி, மின்சாரம், இணையக் கட்டணம் ஆகிய உற்பத்திச் செலவுகளையும் அவர் தலையிலேயே ஏற்றிவிட்டது. போதாக்குறைக்கு, சலுகை பெறுவதற்காக அவர் நிரப்பிக் கொடுக்கும் பெயர், தொலைபேசி எண், வயது, வருமானம், வாங்கும் பழக்கம் ஆகியவை தனிச் சரக்காக விற்கப்படுகின்றன.

பீடித் தொழிலாளர் காட்டிய வழி

வீட்டில் உட்கார்ந்து, விருப்பமான நேரத்தில், எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவர் தொழிலாளியா என்ற கேள்விக்கு இந்நாட்டில் ஏற்கெனவே விடை காணப்பட்டிருக்கிறது. பீடி முதலாளிகளும் இதையேதான் சொன்னார்கள்: அவர்கள் எங்கள் ஆட்களல்லர், வீட்டில் பொழுதுபோக்காகச் சுற்றுகிறார்கள். சரியில்லை என்று கழித்துவிட்ட பீடிக்குக் கூலி கிடையாது. இந்த அநியாயத்துக்கு எதிராக நடந்த போராட்டங்களின் விளைவே 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம். வீட்டிலிருந்து பீடி சுற்றுபவரும் தொழிலாளியே என்று அது ஏற்றது. அதை எதிர்த்து மங்களூர் கணேஷ் பீடி நிறுவனம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1974இல் அச்சட்டத்தை உறுதி செய்தது.

அச்சட்டத்தை இ.எம்.எஸ். தலைமையிலான அரசு கேரளத்தில் நடைமுறைப்படுத்தியபோது, முதலாளிகள் கண்ணூரில் தொழிலை மூடிவிட்டு வெளியேறினார்கள். சுமார் 12,000 பேர் வேலை இழந்தார்கள். அதற்கு விடையாகத்தான் 1969இல் தினேஷ் பீடி கூட்டுறவு பிறந்தது. புகையிலையின் காலம் மங்கியபோது அதே கூட்டுறவு உணவுப் பொருள்களுக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்கும் கிளைவிட்டது. முதலாளி போனால் வேலையும் போய்விடும் என்ற மிரட்டலுக்கு வரலாறு கொடுத்த பதில் அது.

ஆனால் 2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் எதிர்த்திசையில் நடக்கின்றன. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, கிக் தொழிலாளர், தளத் தொழிலாளர் என்ற பெயர்களை உச்சரிக்கிறது. நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் நலநிதிக்குக் கொடுக்கவேண்டும் என்கிறது. ஆனால் அவர்களை மரபான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே நிறுத்திவிட்டு, குறைந்தபட்சக் கூலி உரிமையை மறுக்கிறது. நலநிதி என்பது கூலிக்கு ஈடாகாது. 2029-30இல் கிக் தொழிலாளர் 2.35 கோடியாக உயர்வர் என்று நிதி ஆயோக் 2022இல் மதிப்பிட்டது. இத்தனை கோடிப் பேரைக் கூலிச் சட்டத்துக்கு வெளியே நிறுத்துவது, நூறாண்டுப் போராட்டத்தின் பலனைத் திரும்பப் பறிப்பதாகும்.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. இணையத்தில் செய்யும் சிறுபணியும் வேலை என்று சட்டம் ஏற்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்க வேண்டும். கூலி பணமாகவே, மாதத்துக்குள், குறைந்தபட்ச இருப்பு நிபந்தனையின்றிக் கிடைக்க வேண்டும். வேலையை நிராகரித்தால் காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும்; முறையிட இடம் வேண்டும். வேலை தருவதாகச் சொல்லி முன்பணம் வாங்குவதை முற்றாகத் தடை செய்ய வேண்டும். புகார் வரும்வரை காத்திராமல் அரசே கண்காணிக்க வேண்டும். உழைப்பவரின் தரவை அவர் அறியாமல் விற்பது குற்றமாக வேண்டும். எண்ம எழுத்தறிவின் அடுத்த பாடமாக ஏமாற்றைக் கண்டறியும் அறிவும், படித்த இளைஞரும் பெண்களும் கூட்டாக இணையப் பணிகளைப் பெற்றுச் செய்யும் கூட்டுறவுகளும் வளர வேண்டும்.

சட்டம் வரும்வரை நாம் செய்யக்கூடியவையும் உண்டு. வேலை கொடுப்பவர் நமக்குப் பணம் தர வேண்டும். வேலைக்காக நம்மிடம் பணம் கேட்பவர் வேலை கொடுப்பவரல்லர் என்ற ஒரே வாக்கியத்தை வாசகசாலைகளிலும் குடும்பஸ்ரீ கூட்டங்களிலும் இளைஞர் கிளைகளிலும் திரும்பத் திரும்பச் சொல்வோம். ஏமாந்தவரை முட்டாள் என்று நகையாடுவதை நிறுத்துவோம். அந்த நகைப்புக்கு அஞ்சியே பலர் வாய்திறப்பதில்லை, மோசடிக்காரரும் தப்பிவிடுகிறார். பணம் போன அன்றே 1930 என்ற எண்ணை அழைக்க அவருக்குத் துணைநிற்போம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. அளந்து பார்க்கப்பட வேண்டியது பணம் மட்டுமன்று. உழைக்கும் மனிதரின் நேரமும்தான். அந்த அளவுகோல் முதலாளியின் கையில் இருக்கும்வரை ஐந்து ரூபாயின் கணக்கும் நமக்கு எதிராகவே எழுதப்படும். அதை நம் கைக்கு மாற்றும் போராட்டத்தில், தனித்தனி அறைகளில் தனித்தனித் திரைகளின் முன் அமர்ந்திருக்கும் இந்தப் புதிய உழைப்பாளிகளையும் சங்கமாக அணிதிரட்டுவோம்.