பன்னீர்ச் செம்பு

எங்கள் சுந்தரபாண்டியம் பக்கம் ஒரு பள்ளியில், நவம்பர் 26 அன்று அரசமைப்பு அவையை நடித்துக் காட்டினார்கள். அம்பேத்கர், நேரு, படேல் எல்லாம் பையன்கள். பெண்பிள்ளைகளுக்குப் பன்னீர்ச் செம்பு. ஏன் என்று கேட்டேன். “அந்த அவையில பொம்பளைங்க ஏது மேடம்?” என்றார் ஆசிரியர்.

15 பேர் இருந்தார்கள். சென்னை மாகாணத்திலிருந்து மட்டும் அம்மு சுவாமிநாதன், துர்காபாய், தாட்சாயணி வேலாயுதன். அவையின் ஒரே தலித் பெண் தாட்சாயணி. 1948 நவம்பரில் அவர் எழுந்து, அம்பேத்கர் முன்வைத்த வரைவிலேயே குறை சொன்னார். அதிகாரம் மையத்தில் குவிகிறது என்றார். பெரியவர்கள் எழுதியதை மறுத்துப் பேசலாம் என்பதுதான் அந்த அவையின் பாடம். நாமோ முகவுரையை ஒப்பிக்கவைத்துக் கைதட்டுகிறோம்.

மாதிரி அவை நடத்துங்கள். ஆனால் வசனம் எழுதித் தராதீர்கள். 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்த பிறகும் என் தெருவில் ஏன் இப்படி என்று ஒருத்தி கேட்கட்டும். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு; அந்த நாற்காலியில் கணவன் உட்காருவது ஏன் என்று இன்னொருத்தி தீர்மானம் கொண்டுவரட்டும். எதிர்ப்பு வரட்டும், வாக்கெடுப்பில் தோற்கட்டும். அவள் மறுப்பு அவள் பெயரோடு குறிப்பேட்டில் ஏறட்டும்.

அடுத்த நவம்பரில் பன்னீர்ச் செம்பைப் பையன்கள் பிடிக்கட்டும். எங்கள் பிள்ளைகளுக்குப் பேச்சு இருக்கிறது.