முதலாளி இல்லாத முகவர்

பிறருக்காகப் பொருள் வாங்கிக் கொடுக்கும் நிறுவனம் நொடித்துப் போவது அவ்வளவு எளிதல்ல. பணம் வாங்குபவருடையது, பொருள் விற்பவருடையது, நடுவில் நிற்கும் முகவருக்குக் கமிஷன். சந்தை ஏறினாலும் இறங்கினாலும் அவர் கையைக் கடிக்காது. அப்படியிருந்தும் 1974 டிசம்பரில் கிரௌன் ஏஜெண்ட்ஸ் என்ற கொள்முதல் நிறுவனத்தைத் தூக்கி நிறுத்த பிரிட்டன் அரசு எட்டரைக் கோடி பவுண்டு கொடுக்க வேண்டியிருந்தது. கடைசிக் கணக்கில் நட்டம் இருபது கோடி பவுண்டைத் தாண்டியது. இதைச் சில அதிகாரிகளின் பேராசைக் கதையாகச் சொல்வது வழக்கம். அரசின் பெயரை ஒரு நிறுவனத்துக்கு இரவல் கொடுத்துவிட்டு, அந்தப் பெயருக்கு யார் பொறுப்பு என்று எழுதி வைக்காமல் விட்டதன் கதை என்றே எனக்குப் படுகிறது.

இதன் வேர் 1833இல் இருக்கிறது. அதுவரை ஒவ்வொரு குடியேற்ற நாட்டுக்கும் லண்டனில் தனித்தனி முகவர்கள் இருந்தார்கள். அவர்களை ஒரே அலுவலகத்தின் கீழ்க் கொண்டுவந்தார்கள். 1863 முதல் அதற்குக் ‘குடியேற்ற நாடுகளுக்கான கிரௌன் ஏஜெண்ட்ஸ்’ என்று பெயர். தண்டவாளம், ரயில் எஞ்சின், பாலத்துக்கான இரும்பு, தபால்தலை எல்லாம் அதன் வழியாகவே வாங்கப்பட்டன. லண்டன் சந்தையில் கடன் பத்திரம் வெளியிடுவதும், பொறியாளர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்புவதும் அதன் வேலைகள். தமிழர்கள் தண்டவாளக் கூலிகளாகவும் நிலைய எழுத்தர்களாகவும் உழைத்த இலங்கை, மலாயா ரயில்களுக்கான தளவாடங்களும் இந்த அலுவலகத்தின் கையொப்பத்தோடுதான் கப்பலேறின. விலை அதிகம், தாமதம் அதிகம், பிரிட்டன் சரக்கைத் தவிர வேறு கண்ணில் படுவதில்லை என்று குடியேற்ற நாடுகளின் வணிகர்கள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்கள். 1908-09இல் ஒரு விசாரணைக் குழுவும் அமர்ந்தது. ஆனாலும் அமைப்பு அசையவில்லை. காரணம் எளிது. அலுவலகச் செலவு முழுவதும் வாடிக்கையாளர்களான குடியேற்ற நாடுகள் கட்டிய கமிஷனிலிருந்து வந்தது. பிரிட்டன் கருவூலத்துக்கு ஒரு காசு செலவில்லை. செலவில்லாத இடத்தில் கருவூலம் கணக்குக் கேட்பதுமில்லை. பணம் கொடுத்த நாடுகளுக்கோ கேட்கும் அதிகாரமில்லை. இந்த இடைவெளி நூறாண்டுக்கு மேல் யாரையும் உறுத்தவில்லை.

உறுத்தும் காலம் விடுதலை அலையோடு வந்தது. புதிதாக விடுதலை பெற்ற நாடுகள் தங்களுக்கென மத்திய வங்கிகளையும் கொள்முதல் துறைகளையும் அமைத்துக்கொள்ளத் தொடங்கின. தொழில் இனிச் சுருங்கும் என்ற அச்சம் லண்டன் அலுவலகத்தைப் பிடித்தது. சொந்த மூலதனம் கிடையாது, காப்பு நிதியும் சொற்பம். ஆனால் வாடிக்கை நாடுகள் ஒப்படைத்திருந்த பெருந்தொகைகள் அதன் கைவழியே புரண்டுகொண்டிருந்தன. 1967 முதல் அது ‘சொந்தக் கணக்கில்’ முதலீடு செய்யத் தொடங்கியது. அடுத்த ஆண்டு தலைவராக வந்த சர் கிளாட் ஹேஸ் காலத்தில் இது வேகம் பிடித்தது. குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கி, சிறு நிதி நிறுவனங்களுக்கும் மனை, கட்டட வணிகர்களுக்கும் நீண்ட காலத்துக்குக் கொடுப்பதுதான் வழி. ஆஸ்திரேலிய மனைகளில்கூடப் பணம் போனது. 1973 இறுதியில் லண்டனின் இரண்டாம் நிலை வங்கிகள் ஆட்டம் கண்டன. மனை விலை சரிந்தது. கடன் கொடுத்தவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள், கடன் வாங்கியவர்களால் கட்ட முடியவில்லை. கிரௌன் ஏஜெண்ட்ஸிடம் பெருங்கடன் வாங்கியிருந்த வில்லியம் ஸ்டெர்ன் என்ற கட்டட வணிகர் 1978இல் 11.8 கோடி பவுண்டு கடனுக்குத் திவாலானார். தனிமனிதத் திவால்களில் அன்றைக்கு அதுதான் பிரிட்டனிலேயே பெரியது.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி, மூலதனமே இல்லாத ஒரு முகவரை நம்பி லண்டன் பணச் சந்தை ஏன் கடன் கொடுத்தது என்பது. பெயரில் மகுடம் இருந்தது, அவ்வளவுதான். கடன் கொடுத்தவர்கள் அதை அரசாங்கம் என்றே எடுத்துக்கொண்டார்கள். அரசாங்கமோ அது தன் துறைகளில் ஒன்றல்ல என்றது. சட்டப்படி அது கம்பெனியாகவும் இல்லை, நாடாளுமன்றச் சட்டத்தால் பிறந்த வாரியமாகவும் இல்லை. வெளிநாட்டு வளர்ச்சி அமைச்சகம், கருவூலம், இங்கிலாந்து வங்கி ஆகிய மூன்றும் அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்ததை 1977இல் வெளிவந்த ஃபே குழு அறிக்கையும், 1982இல் வெளிவந்த குரூம்-ஜான்சன் தீர்ப்பாய அறிக்கையும் பக்கம் பக்கமாகக் காட்டின. லாபம் வந்தால் நிறுவனத்தின் காப்பு நிதிக்கு, நட்டம் வந்தால் வரி கட்டுபவரின் தலைக்கு என்ற ஏற்பாட்டை யாரும் முடிவு செய்து கொண்டுவரவில்லை. முடிவு செய்யாமல் விட்டதால் வந்தது.

தேன் எடுத்தவன் புறங்கையை நக்கமாட்டானா என்று கேட்டு இதை ஊழலாக முடித்துவிடலாம். கையூட்டுக் குற்றச்சாட்டும் எழத்தான் செய்தது. ஆனால் அதிகாரிகள் அத்தனை பேரும் அப்பழுக்கற்றவர்களாக இருந்திருந்தாலும் 1974இன் சரிவில் அந்தக் கடன்கள் மூழ்கியிருக்கும். குறுகிய காலக் கடனை வைத்து நீண்ட காலக் கடன் கொடுப்பவரை நேர்மை காப்பாற்றாது. அப்படியானால் இத்தகைய நிறுவனம் தன் செலவைத் தானே ஈட்டிக்கொள்வது தவறா என்று கேட்கலாம். வரிப்பணத்தில் வாழும் கொள்முதல் துறைகளின் சோம்பலைக் கண்டவர்கள் கேட்கும் நியாயமான கேள்வி இது. செய்த வேலைக்குக் கமிஷன் வாங்குவதில் தவறில்லை. கமிஷன் போதாதபோது என்ன செய்வது என்பதில்தான் சிக்கல். அரசு வெளிப்படையாக மூலதனம் தரலாம், அல்லது நிறுவனம் சுருங்க வேண்டும். இரண்டும் கசப்பான வழிகள் என்பதால், அரசின் பெயரை அடகு வைத்துச் சம்பாதிக்கும் மூன்றாவது வழியை லண்டன் கண்டும் காணாமல் அனுமதித்தது. அந்தப் பெயரும் ஒரு மானியம்தான். வரவு செலவுத் திட்டத்தில் ஏறாத மானியம் என்பதால் நாடாளுமன்றத்தின் கண்ணில் படவில்லை.

பின்னால் செய்த திருத்தங்கள் அந்த இடைவெளியை ஓரளவு அடைத்தன. 1979ஆம் ஆண்டுச் சட்டம் நிறுவனத்துக்குச் சட்ட உருவம் தந்தது, மூழ்கிய சொத்துகளைத் தனி வாரியத்திடம் ஒதுக்கியது. வாடிக்கையாளர் நம்பிக்கை மட்டும் சட்டத்தால் திரும்பவில்லை. 1983இல் புருனே தன் பெரும் முதலீட்டுத் தொகுப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு, சொந்தமாக முதலீட்டு முகமையைத் தொடங்கியது. 1997இல் நிறுவனம் அரசிடமிருந்து பிரிந்து, லாப நோக்கற்ற ஓர் அறக்கட்டளையின் உடைமையானது. அதன் வங்கி 2016இல் ஒரு தனியார் முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. இனி நட்டம் வந்தால் கருவூலம் ஏற்காது என்பது தெளிவாயிற்று. மகுடம் மட்டும் பெயரிலேயே தங்கிவிட்டது.

அரசிடமிருந்து பிரிந்த காலம் முதல் நிறுவனம் ஏற்ற வெளிநாட்டு வேலைகளையும் இதே கண்ணால் பார்க்கலாம்: கட்டணம் யார் தருகிறார், கணக்கு யார் கேட்கிறார்? உள்நாட்டுப் போரிலிருந்து மீண்ட மொசாம்பிக்கில் 1997 முதல் சுங்கத்துறையையே நடத்தும் பொறுப்பு இதற்குக் கிடைத்தது. பல்கேரியாவில் 2001இல் சுங்கச் சீர்திருத்தத்துக்கு இதை அமர்த்தியபோது, போட்டி ஒப்பந்தப்புள்ளி கோராமல் கொடுத்தது ஏன் என்று பெரும் அரசியல் சண்டை மூண்டது. ஒப்பந்தப்புள்ளி முறையை ஊருக்கெல்லாம் கற்பிக்கும் நிறுவனத்துக்கு இப்படியொரு வரவேற்பு! உக்ரைன் வேறு மாதிரி. மருந்துக் கொள்முதலில் புரையோடிய ஊழலைத் தாங்க முடியாமல், 2015இல் சட்டம் இயற்றி அந்த வேலையை ஐ.நா. அமைப்புகளிடமும் கிரௌன் ஏஜெண்ட்ஸிடமும் கொடுத்தார்கள். புற்றுநோய் மருந்துகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மிச்சம் பிடித்ததாக நிறுவனம் கணக்குக் காட்டியது. அந்த எண்ணைவிட ஏற்பாட்டின் அமைப்பு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. சட்டம் இருந்தது, கால வரம்பு இருந்தது, விலைகளைப் பழைய விலைகளோடு ஒப்பிட நோயாளர் அமைப்புகள் விழிப்போடு இருந்தன. 2018இல் உக்ரைன் தனக்கென ஒரு மருத்துவக் கொள்முதல் நிறுவனத்தைத் தொடங்கியது. வெளி முகவரின் வேலை முடியும் நாள் கண்ணுக்குத் தெரிந்தது.

ஊழல் மலிந்த நாட்டில் இத்தனை நிபந்தனைகளுக்கு நேரம் ஏது, நோயாளி காத்திருப்பாரா என்று கேட்பவர்கள் உண்டு. அவசரத்தில் வெளி முகவரை அழைப்பதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் உக்ரைன் அந்த அவசரத்திலும் சட்டம் இயற்றியது. மேலும், நிபந்தனை இல்லாமல் அழைக்கப்பட்ட முகவர் தானாக வெளியேறுவதற்குக் காரணம் எதுவும் இல்லை. கமிஷன் வரும் வரை அவர் இருப்பார்.

இத்தகைய நிறுவனங்களின் வருவாய் பெரும்பாலும் பணக்கார நாடுகளின் உதவி நிதியைச் சார்ந்திருக்கிறது. பிரிட்டன் தன் உதவியைத் தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டிலிருந்து 2021இல் 0.5 ஆகக் குறைத்தது. 2027இல் 0.3 ஆக்கப்போவதாக அறிவித்திருக்கிறது. கமிஷன் சுருங்கும்போது வேறு வருவாய் தேடும் உந்துதல் 1960களில் எப்படி எழுந்ததோ அப்படியே மீண்டும் எழும். கிரௌன் ஏஜெண்ட்ஸில் மட்டுமல்ல, தன் அரசின் முத்திரையோடு வெளிநாட்டில் கடை விரித்திருக்கும் எந்தக் கொள்முதல் முகமையிலும் எழும். அந்த முத்திரையை வழங்கும் அரசு, முகமை தன் சொந்தப் பெயரில் எவ்வளவு கடன் வாங்கலாம், வாடிக்கையாளர் பணத்தை எத்தனை நாள் கையில் வைத்திருக்கலாம், திருப்பிக் கட்ட முடியாதபோது எந்த அமைச்சகம் பதில் சொல்லும் என்பதை உரிமம் தரும் அன்றே எழுதித் தர வேண்டும்.